செடிக்கு எந்த ஊரு?

போன பங்குனியில் என் வீட்டுப் பெரணிச் செடி செத்துப்போனது. 'மெய்டன்ஹேர் ஃபெர்ன்' என்று சொல்லி நர்சரிக்காரர் 180 ரூபாய்க்குக் கொடுத்தது. கறுப்புக் கம்பி மாதிரி தண்டு, கொத்தமல்லியை இன்னும் கொஞ்சம் மெலிசாக்கின மாதிரி இலை. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைத்திருந்தேன். பத்து நாளில் இலை நுனியெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்க ஆரம்பித்தது. தண்ணீர் பத்தவில்லை போல என்று காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் ஊற்றினேன். இலை மேலும் காய்ந்தது. இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், மேலே இலை வறண்டு கிடக்கிறது, கீழே வேர் அழுகி நாறுகிறது.

அதற்கு முன்னால் ஒரு ஸ்நேக் பிளான்ட், ஒரு ஜேட், ஒரு பீஸ் லில்லி. எல்லாம் ஏறக்குறைய இதே கதைதான். செடி வளர்ப்பில் நான் சோம்பேறி இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மண்புழு உரம், கோகோ பீட், ஸ்பிரே பாட்டில், இலை துடைக்கத் தனியாக ஒரு துணி, எல்லாம் வைத்திருக்கிறேன். கவனிக்காமல் விட்டுச் செத்த செடி என் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கவனித்துக் கவனித்துத்தான் செத்தன.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா போன பிறகு, தென்காசிப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு சென்னை ஃபிளாட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. செத்த பெரணியைக் குப்பைப் பையில் போடும்போது கேட்டாள்.

"எய்யா, இது எந்த ஊருச் செடி?"

"தெரியலம்மா."

"எந்த ஊருன்னே தெரியாமலா இத்தன நாளு தண்ணி ஊத்துன?"

நம்ம பக்கம் புதிதாக ஒருத்தரைப் பார்த்தால் முதல் கேள்வியே "எந்த ஊரு?" தானே. செடியிடம் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தேன். தேடல் வழக்கம்போல எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், 1829-ஆம் ஆண்டு லண்டனில், என்னைப் போலவே பெரணிகளைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் வீட்டு வாசலில் விட்டது.

புகைக்குள் ஒரு டாக்டர்

அவர் பெயர் நதானியல் பாக்‌ஷா வார்ட். 1791-இல் பிறந்தவர். கிழக்கு லண்டனில் வெல்க்ளோஸ் சதுக்கம் என்ற இடத்தில் வைத்தியம் பார்த்து வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பதின்மூன்று வயதில் கப்பலில் ஜமைக்காவுக்குப் போய் வந்தவர். அங்கே பார்த்த பச்சை மனதை விட்டுப் போகவில்லை. வைத்தியம் பிழைப்பு, செடிதான் ஆசை.

ஆனால் அவர் வாழ்ந்த லண்டனில் செடி வளர்ப்பது சாமானியமில்லை. வீட்டுக்கு வீடு, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை நிலக்கரி எரிந்த காலம். கரி இலைமேல் படியும், காற்றே விஷம். வார்ட் தன் வீட்டுப் பின்கட்டில் கல் அடுக்கி ஒரு சின்னப் பாறைச் சுவர் கட்டினார். மேலே துளை போட்ட குழாய் வைத்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிகிற மாதிரி செய்தார். பெரணிக்கு ஈரம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆசை ஆசையாகப் பெரணிகளை நட்டார். சுற்றியிருந்த தொழிற்சாலைப் புகையில் ஒவ்வொன்றாகச் செத்தன. மனுஷன் கிட்டத்தட்ட கைவிட்டுவிட்டார்.

பிறகு நடந்தது தற்செயல். 1829-இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அகலவாய்க் கண்ணாடிக் குடுவையில் ஈரமான இலைமக்கு மண்ணைப் போட்டு, அதற்குள் கூட்டுப்புழுவைப் புதைத்து, மூடி போட்டு வைத்தார். தினமும் பார்த்துக்கொண்டே இருந்தார். பகலில் மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிகிறது, பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்புகிறது. குடுவைக்குள் ஒரு சின்ன மழை. பூச்சி வெளியே வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மண்ணின் மேல் இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று புல், இன்னொன்று பெரணி.

குழாய் வைத்து, சுவர் கட்டி, இத்தனை வருஷம் பாடுபட்டு வளராத பெரணி, யாரும் நடாமல் தானாக முளைத்து நின்றது. வார்ட் பூச்சியை மறந்துவிட்டார். குடுவையை வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே வைத்தார். நேர் வெயில் கிடையாது, தண்ணீர் ஊற்றவும் இல்லை. செடிகள் ஏறக்குறைய நான்கு வருஷம் உயிரோடு இருந்தன.

அவை எப்படிச் செத்தன என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வார்ட் ஊரில் இல்லாத சமயம் குடுவையின் மூடி துருப்பிடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. செடிகள் அழுகிப்போயின. ஒரு சொட்டு ஊற்றாமல் நான்கு வருஷம் வாழ்ந்தவை, தண்ணீர் கூடிப்போய்ச் செத்தன. என் தொட்டியில் நடந்ததும் இதுதான். என்ன, எனக்கு மழை தேவைப்படவில்லை.

பெரணி என்ன கேட்டது?

இதில் மாயம் ஒன்றும் இல்லை. செடி வேர் வழியே தண்ணீரைக் குடிக்கிறது, இலை வழியே ஆவியாக விடுகிறது. வெளிக்காற்றில் அந்த ஆவி போனது போனதுதான். மூடிய கண்ணாடிக்குள் அது திரும்பி வருகிறது. பகலில் வெளிச்சத்தில் செடி கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனை விடுகிறது. செடியும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் மூச்சு விடும்போது கரியமில வாயு மறுபடி உண்டாகிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டி காற்றே புகாதபடி இறுக்கமானது என்று பலரும் நினைத்தார்கள், வார்ட் அப்படிச் சொல்லவில்லை. இடுக்கு வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக வந்து போகும். கரித்தூள் மட்டும் உள்ளே வராது.

பெரணிக்கு வேண்டியது வேருக்குத் தண்ணீர் என்பதைவிட, இலையைச் சுற்றி ஈரக்காற்று. காட்டுத் தரையில், ஓடைக் கரையில், பாறை இடுக்கில் வளர்கிற ஜாதி அது. இலை மெல்லியது, தடித்த மெழுகுப் பூச்சு கிடையாது. வறண்ட காற்றில் இலை இழக்கிற ஈரத்துக்கு வேர் ஈடு கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் நாம் தொட்டியில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? மண்ணில் இருக்கிற காற்றுத் துளைகளெல்லாம் நிரம்பிவிடும். வேருக்கும் மூச்சு வேண்டும். காற்று இல்லாவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். வாடின இலையைப் பார்த்து நாம் என்ன செய்வோம்? இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுவோம். தாகத்தில் வாடுவதும் மூழ்கி வாடுவதும் மேலே இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் எத்தனை தொட்டியைக் கொன்றேனோ!

வார்ட் செய்ததை இப்படிச் சொல்லலாம். பெரணியின் ஊரை அவர் ஒரு குடுவைக்குள் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்ய வேண்டியிருந்த வேலை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது.

கப்பல் ஏறிய பெட்டி

வார்டுக்கு அடுத்து ஒரு யோசனை வந்தது. லண்டன் புகையில் செடியைக் காப்பாற்றும் பெட்டி, கடல் உப்புக்காற்றிலும் காப்பாற்றுமா?

அந்தக் காலத்தில் செடியைக் கப்பலில் அனுப்புவது கிட்டத்தட்ட சூதாட்டம். உப்புத்துளி, வெயில், குளிர், எலி, கூடவே குடிதண்ணீர்ப் பஞ்சம். மாலுமிக்கே அளந்து ஊற்றும் தண்ணீரைச் செடிக்கு யார் ஊற்றுவார்கள்? மக்காவில் இருந்த ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819-இல், சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்படும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் உயிரோடு போய்ச் சேர்கிறது என்று கணக்குச் சொன்னார்.

1833-இல் ஹாக்னியில் பெரிய நர்சரி வைத்திருந்த லாடிஜஸ் குடும்பத்தின் உதவியோடு, வார்ட் இரண்டு பெட்டிகளில் பெரணி, பாசி, புல் வகைகளை வைத்து 'பெர்சியன்' என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். கப்பல் தலைவர் சார்ல்ஸ் மல்லார்ட். மாதக்கணக்கில் பயணம். ஒரு சிலதைத் தவிர எல்லாம் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அடுத்து 1834 பிப்ரவரியில் சிட்னியில் அதே பெட்டிகளில் அந்த ஊர்ச் செடிகளை நிரப்பினார்கள். புறப்படும்போது வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். கேப் ஹார்ன் முனையைச் சுற்றும்போது 20 டிகிரி, தளத்தில் ஒரு அடி உயரத்துக்குப் பனி. வழியில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கப்பல் வந்து சேர்ந்ததும் வார்டும் ஜார்ஜ் லாடிஜஸும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. இங்கிலாந்தில் அதுவரை யாரும் உயிரோடு பார்த்திராத ஓர் ஆஸ்திரேலியப் பெரணியும் அதில் இருந்தது.

1842-இல் வார்ட் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். அதில் எனக்குப் பிடித்த பகுதி, ஏழைகளின் வீட்டுக்கு இந்தப் பெட்டி எப்படி உதவும் என்று அவர் யோசிக்கிற இடம். கிழக்கு லண்டனின் இருட்டு அறைகளுக்குள் தினமும் போய் வந்த வைத்தியர் இல்லையா? அந்த அறைக்குள் ஒரு பச்சை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் பெட்டி முதலில் போய்ச் சேர்ந்தது காசுள்ளவர்களின் வரவேற்பறைக்குத்தான். 1845-இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி ரத்தானது, கண்ணாடி மலிந்தது. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் பதினெட்டு வருஷம் தண்ணீர் ஊற்றாத ஒரு குடுவையை வார்ட் கொண்டுவந்து வைத்தார். பெரணி மோகம் ஊரைப் பிடித்து ஆட்டியது. சார்ல்ஸ் கிங்ஸ்லி 1855-இல் அதற்கு 'டெரிடோமேனியா', அதாவது பெரணிப் பைத்தியம், என்றே பெயர் வைத்தார். பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு காடு காடாகப் போய்ப் பெரணி பறித்தார்கள், வியாபாரிகள் வண்டி வண்டியாகத் தோண்டினார்கள். அயர்லாந்தின் கில்லார்னி பெரணி மாதிரி அரிய வகைகள் பல இடங்களில் துடைத்தெடுக்கப்பட்டன. காட்டைக் காப்பாற்றி வீட்டுக்குள் வைக்கக் கண்டுபிடித்த பெட்டி, காட்டைக் காலி செய்தது. ஆசைக்கு அளவு தெரியாவிட்டால் இதுதான் கதி. இதை வேறு யாருக்கோ சொல்வதுபோல எழுதுகிறேன். என் பால்கனியில் அப்போது முப்பத்தோரு தொட்டிகள் இருந்தன.

நீலகிரிக்கு வந்த பெட்டி

பெரணிப் பைத்தியம் ஒரு பக்கம். அதே பெட்டி இன்னொரு பக்கம் சாம்ராஜ்யத்தின் வேலையைச் செய்தது. ராபர்ட் ஃபார்ச்சூன் 1848-க்கும் 1851-க்கும் இடையில் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தது வார்டின் பெட்டியில்தான்.

நம்ம ஊருக்கு வந்த கதை சின்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, இந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. மரத்தின் ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 1860-இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கன்றுகளைப் பெட்டிகளில் ஏற்றினார். நேராக இந்தியாவுக்குக் கப்பல் கிடைக்காமல் பனாமா, இங்கிலாந்து, எகிப்து, செங்கடல் என்று சுற்றிக்கொண்டு வந்தார். செங்கடல் வெயில் பெட்டிகளை அடுப்பாக்கியது. ஊட்டிக்கு வந்த அவருடைய கன்றுகள் ஒன்றும் பிழைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி ஈரத்தைக் காப்பாற்றும், சூட்டையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.

ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்துத் தந்த சிவப்புப்பட்டைச் சின்கோனாக் கன்றுகளை ராபர்ட் கிராஸ் எடுத்து வந்தார். 1861 ஏப்ரலில் அவற்றில் 400-க்கும் மேல் உயிரோடு ஊட்டி வந்து சேர்ந்தன. அவற்றை வாங்கிக்கொண்டவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். கிளையை வெட்டி, பதியம் போட்டு, கண்ணாடி வீட்டில் வைத்துப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன.

மெக்ஐவரிடம் எனக்கு ஒரு பாடம் இருந்தது. சின்கோனாவை ஜாவாவில் டச்சுக்காரர்கள் அடர்ந்த காட்டு நிழலில் நட்டிருந்தார்கள். காட்டுமரம்தானே, நிழல்தான் பிடிக்கும் என்று எண்ணம். அது நன்றாக வரவில்லை. மெக்ஐவர் வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்த்து, திறந்த வெளியில் வெளிச்சம் படும்படி வளர்த்தார். செடி திடமாக வந்தது. ஊரைக் கேட்டால் மட்டும் போதாது போல. அந்த ஊரில் அது எங்கே, எந்தத் திசையில் நின்றது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, செடிக்கு இவ்வளவு கேட்டார்கள். மனிதர்களுக்கு?

நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. மலாக்கா நீரிணைப் பகுதியில் தண்டிக்கப்பட்டு, கடல் தாண்டிக் கொண்டுவந்து மலை உச்சியில் அடைக்கப்பட்டவர்கள். நடுவட்டத்துச் சிறைக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்தார். முளைத்தவை சுமார் 2,700. அதே வருஷம் ஆகஸ்டில் 1,919 கன்றுகளை 38 வார்ட் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொட தோட்டத்துக்குப் போனவை அவைதான். (வீட்டில் வளர்க்க நர்சரியில் விற்கிற 'ரப்பர் பிளான்ட்' இது இல்லை. அது நம்ம வடகிழக்குப் பக்கத்து அத்தி ஜாதி.) கூட ஒரு தோட்டக்காரரையும் அனுப்பினார்கள், வழியில் கன்றுகளைப் பார்த்துக்கொள்ள.

அதே வருஷங்களில் திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து நம்ம சனங்கள் அதே இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு, அங்கிருந்து காட்டுவழியில் நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும். காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ரப்பர் கன்றுக்குக் கண்ணாடி போட்ட பெட்டி இருந்தது. எந்த ஈரம், எந்தச் சூடு என்று பார்க்க ஆள் இருந்தது. இதை எழுதும்போது எனக்குச் செடி மேல் கோபம் இல்லை. இடம் மாற்றுவதில் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அந்த ஆட்சிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

உள்ளூரு பதில்

வார்டின் பெட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு விமானமும் பிளாஸ்டிக் பையும் வந்தன. பெட்டியோடு வந்த மண்ணில் பூச்சியும் நோயும் சேர்ந்தே வருகின்றன என்ற பயமும் வந்தது. இன்றைக்கு அது காட்சிசாலைப் பொருள். அதன் பேரன் பேத்திகள்தான் இப்போது கடையில் விற்கும் 'டெரேரியம்'.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மனிதன் கெடுத்த காற்றிலிருந்து செடியைக் காப்பாற்ற வார்ட் பெட்டி செய்தார். இப்போது கெட்ட காற்றிலிருந்து நம்மைக் காப்பாற்றச் செடி வாங்குகிறோம். 1989-இல் நாசாவுக்காக நடந்த ஓர் ஆய்வில் வீட்டுச் செடிகள் காற்றில் உள்ள சில நச்சு வாயுக்களைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அதுவும் மூடிய அறைக்குள் செய்த சோதனை. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் சாதாரணமாக வந்து போகும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டுமாம். ஜன்னலைத் திறந்து விடுவது சுலபம். செடி நமக்குக் காற்றைச் சுத்தம் பண்ணித் தர வேண்டும் என்று எதிர்பார்க்காமல், அதற்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதே போதும் என்று எனக்குப் பட்டது.

அப்படித்தான் வீட்டில் மிஞ்சியிருந்த ஒவ்வொரு தொட்டியாக ஊர் தேட ஆரம்பித்தேன். மணி பிளான்ட், பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவின் மோரியா தீவு. அதற்குப் பூக்கத் தேவையான ஹார்மோனைச் செய்கிற மரபணுவில் குறை என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். பூ இல்லை, விதை இல்லை. அப்படியானால் பக்கத்து வீட்டு அக்கா பாட்டிலில் போட்டுத் தந்த என் கொடி, யாரோ யாருக்கோ ஒடித்துக் கொடுத்து, கை மாறிக் கை மாறித் தீவிலிருந்து வேளச்சேரி வரை வந்திருக்கிறது. ஸ்நேக் பிளான்ட், மேற்கு ஆப்பிரிக்கா. தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைக்கும், ராத்திரியில்தான் இலைத்துளையைத் திறக்கும். அதற்குப் போய்த் தினமும் ஒரு டம்ளர்! இசட் இசட் பிளான்ட், கிழக்கு ஆப்பிரிக்கா. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்துக்கொண்டு வறட்சியைத் தாண்டுகிற ஜாதி. 'வீட்டுச் செடி' என்று உலகத்தில் ஒரு செடியும் கிடையாது. எல்லாம் ஏதோ ஒரு காட்டுச் செடி, நம் வீட்டைப் பொறுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரணி ஈரமான பாறையில், நேர் வெயில் படாத சுவரில் வளருமாம் என்றேன்.

"நம்ம கிணத்து உள்சுவத்துல மொளைக்குமே, கறுப்புக் காம்போட, அது மாதிரியா?" என்றாள்.

நான் அசந்துபோனேன். நர்சரிக்காரர் விற்றது அநேகமாகத் தென் அமெரிக்க இனம். ஆனால் அதே குடும்பத்துப் பெரணிகள் நம் பழைய கிணறுகளின் உள்சுவரிலும் குற்றாலம் பக்கத்துப் பாறை இடுக்குகளிலும் முளைக்கின்றன. சின்ன வயசில் எட்டிப் பார்த்த அதே கிணறு. நான் கவனித்ததே இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ 180 ரூவா குடுத்து வாங்கிட்டு வந்தே. கிணத்துப் பூண்டப் போயி யாரு காசு குடுத்து வாங்குவான்னு நெனச்சேன். அதான் எந்த ஊருன்னு கேட்டேன்."

சிரித்துக்கொண்டோம். பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மூன்று வருஷமாக அம்மாவுக்கும் நான் டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். தனி அறை, ஏசி, பெரிய டிவி, மாத்திரை நேரத்துக்குப் போனில் அலாரம். அவள் மெலிந்துகொண்டே வந்தாள், நான் சத்துமாவு வாங்கி வந்தேன். ஊரில் அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள், காலையில் எதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பாள் என்று யோசித்தே பார்க்கவில்லை.

கேட்டேன். "இங்க உனக்கு என்னம்மா வேணும்?"

முதலில் ஒன்றும் வேண்டாம் என்றாள். கொஞ்சம் கழித்து, "காலையில செத்த நேரம் வெயில்ல உக்காரணும். திண்ணையில உக்காந்து பழகிட்டுல்லா. இங்க வெயில் வார எடத்துல பூரா உன் செடிதான நிக்கி" என்றாள்.

உண்மைதான். எங்கள் ஃபிளாட்டில் காலை வெயில் வருவது கிழக்குப் பால்கனியில் மட்டும்தான். அங்கே கால் வைக்க இடமில்லாமல் முப்பத்தோரு தொட்டிகள். அதில் பாதிச் செடிகளுக்கு நேர் வெயிலே ஆகாது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் பதினெட்டுத் தொட்டிகளை மாற்றினேன். நிழல் விரும்பிகளை வீட்டுக்குள், ஏசி படாத மூலைகளுக்கு. சிலதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். அந்த இடத்தில் ஒரு பலகை போட்டேன். அம்மா இப்போது காலையில் அங்கே உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள், எதிர் பிளாக் பாட்டியோடு பால்கனிக்குப் பால்கனி பேசுகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர் வீட்டுச் சாவி இன்னமும் அவள் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

புதுப் பெரணி ஒன்று வாங்கினேன். பழைய முறுக்குக் கண்ணாடி ஜாடியில் கரித்துண்டும் இலைமக்கு மண்ணும் போட்டு, கொஞ்சமாக ஈரமாக்கி, மூடியை லேசாக வைத்து, குளியலறை ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இப்போது ஏழு மாதம். இரண்டு தடவைதான் தண்ணீர் தெளித்தேன். காலையில் கண்ணாடியில் முத்து முத்தாக ஈரம் நிற்கும், மத்தியானத்துக்குள் காணாமல் போகும். கை பரபரக்கும்போதெல்லாம் அம்மா பின்னாலிருந்து குரல் கொடுக்கிறாள்: "சும்மா விடுய்யா அத."

உங்கள் வீட்டிலும் வாடின தொட்டி ஒன்று இருக்கும். தண்ணீர்க் குவளையை எடுப்பதற்கு முன்னால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. அப்படியே அது எந்த ஊரு என்று ஒரு தடவை தேடிப் பாருங்க.